கட்டளை வரிக் கருவிகளை நிறுவுகையில் நேரும் பிழைகளும் அவற்றின் பரிகாரமும்

சென்னைப் பாதையிலிருந்து ஜோலார்பேட்டையில் பிரியும் அகல இருப்புப்பாதை 1864-ஆம் ஆண்டில் பெங்களூர்க் கண்டோன்மெண்டை வந்தடைந்தது. அதன் தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம் 1.676 மீட்டர். பெங்களூரிலிருந்து மைசூருக்கு 1880-களின் தொடக்கத்தில் அமைந்த பாதையோ ஒரு மீட்டர் அகலமே உடையது. இரு பாதைகளும் குறைவற்றவை. அவற்றில் ஓடிய வண்டிகளும் குறைவற்றவை. எனினும் ஒன்றின் வண்டி மற்றொன்றின்மேல் ஓட இயலாது. ஆதலால் ஒரு பாதையில் வந்த சரக்கைப் பெங்களூரில் இறக்கி, மறு பாதையின் வண்டியில் ஏற்ற வேண்டியிருந்தது. மைசூர்ப் பாதை 1990-களில் அகலப்பாதையாக மாற்றப்படும் வரை இந்நிலை நீடித்தது. வண்டி ஓடவில்லையென்று அதே வகையைச் சேர்ந்த வேறொரு வண்டியைத் தருவிப்பதால் பயன் யாதுமில்லை; பாதையின் அகலத்தை அளந்து பார்ப்பதே அங்குச் செய்யத்தக்க முதற்செயல்.

கணிப்பொறியில் கருவி மென்பொருள்களை நிறுவுகையில் நேரும் பிழைகளுள் பெரும்பாலானவை இவ்வகையைச் சேர்ந்தவையே. கருவி பழுதுற்றிருப்பதில்லை, கணிப்பொறியும் பழுதுற்றிருப்பதில்லை. குறைவற்ற இரு பகுதிகள் தம்முள் பொருந்தாதிருக்கின்றன. இதனை உணராதவர் கருவியை நீக்குவதும் மீண்டும் நிறுவுவதுமாகப் பொழுதைப் போக்குவர். இறுதியில் பொறுமையிழந்து, கணிப்பொறியின் இயக்க முறைமையையே சிதைக்கும் கட்டளைகளை இடுவதும் உண்டு. பிழை தோன்றியவிடத்து எதை முதலில் அளத்தல் வேண்டும், எதைச் செய்யாதிருத்தல் வேண்டும், பிழைச் செய்தி ஏதும் தோன்றாதவிடத்தும் விளைவை ஏன் சோதித்தல் வேண்டும் என்பவற்றைக் கள ஊழியருக்கும் ஆசிரியருக்கும் எடுத்துரைத்தலே இப்பாடத்தின் நோக்கமாகும்.

1. கருவியின் அமைப்பு

கட்டளை வரிக் கருவி என்பது சாளரங்களும் படக்குறிகளும் இன்றி, எழுத்தால் இடப்படும் கட்டளைக்கு எழுத்தாலேயே விடையளிக்கும் மென்பொருளாகும். இத்தகைய கருவிகள் முதலில் மென்பொருள் ஆக்குவோருக்கென இயற்றப்பட்டன. இன்று அவை கள அளவைப் பணியிலும் பள்ளிகளிலும் புகுந்துள்ளன. தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பின் கணினி அறிவியல் பாடத்தில் 2019 முதல் பைத்தான் மொழி கற்பிக்கப்படுவதால், இக்கருவிகளை நிறுவும் பொறுப்பு ஆசிரியரையும் சார்ந்ததாயிற்று.

இப்பாடத்திற்கு ஜிடால் என்னும் கருவித் தொகுதி எடுத்துக்கொள்ளப்படுகிறது. ஃபிராங்க் வார்மர்டாம் என்பவர் 1998-இல் இதனைத் தொடங்கினார். நிலப்படத் தரவுகளை ஒரு வடிவிலிருந்து மற்றொரு வடிவிற்கு மாற்றுதல், ஓரிடத்தின் அட்சரேகை தீர்க்கரேகைகளை மீட்டர் அளவுகளாக மாற்றுதல் ஆகிய பணிகளை இது செய்கிறது. விலையின்றிக் கிடைக்கும் இக்கருவியின்மீதே கியூஜிஸ் முதலிய நிலப்பட மென்பொருள்கள் பல அமைந்துள்ளன.

இதன் அமைப்பை நான்கு அடுக்குகளாகக் காணலாம். அடியில் இருப்பது யந்திரமும் அதன் இயக்க முறைமையும். அதன்மேல் ஜிடால் நிரல் நூலகமும், ஆயத்தொலைவுக் கணக்குகளைச் செய்யும் ப்ராஜ் என்னும் துணை நூலகமும் உள்ளன. மூன்றாவதாக, ஜிடால்இன்ஃபோ, ஓஜிஆர்2ஓஜிஆர் போன்ற கட்டளைகள். நான்காவதாக, அந்நூலகத்தைப் பைத்தான் மொழியிலிருந்து அழைப்பதற்கான இணைப்பு. ஒவ்வோர் அடுக்கும் தனக்கெனப் பதிப்பெண் உடையது; ஒவ்வொன்றும் வெவ்வேறு வழியாகக் கணிப்பொறிக்குள் வரக்கூடியது. பிழைகள் பிறப்பது அடுக்கும் அடுக்கும் கூடுமிடத்திலேயாம்.

கட்டளைகளின் பெயர்கள் இங்கு ஒலிப்பின்படி தமிழ் எழுத்தில் தரப்படுகின்றன. கணிப்பொறியில் இடுகையில் அவற்றை ஆங்கில எழுத்திலேயே இடுதல் வேண்டும்.

2. ஈஜிபுரா எடுத்துக்காட்டு

பெங்களூரில் கோரமங்கலாவை அடுத்து அமைந்த நெருக்கமான குடியிருப்புப் பகுதி ஈஜிபுரா. இதனைச் சூழ்ந்த பகுதிகளின் மழைநீர், கோரமங்கலா–செல்லகட்டா பள்ளத்தாக்கின் பெருவடிகாலைச் சேர்ந்து பெல்லந்தூர் ஏரியை நோக்கிச் செல்கிறது. இத்தகைய பெருவடிகால்களை அந்நகரத்தார் ராஜகாலுவை என வழங்குவர். 2022 செப்டம்பரில் பெய்த பெருமழையில் பெல்லந்தூரைச் சூழ்ந்த பகுதிகள் வெள்ளத்தில் ஆழ்ந்தன. வடிகால் எவ்விடத்தில் குறுகியுள்ளது, எவ்விடத்தில் மண் படிந்து மேடிட்டுள்ளது என்பதைக் காட்டும் படம் பருவமழைக்கு முன்னர்க் கிடைத்தால் தூர்வாரும் பணிக்கு உதவும். மழைக்குப் பின்னர்க் கிடைக்கும் படம் அவ்வாண்டிற்கு உதவாது.

பாடத்தின் பொருட்டுப் பின்வரும் நிலையைக் கற்பித்துக்கொள்ளலாம். ஒரு கள அளவைக் குழுவினர் ஈஜிபுராவின் வடிகாலோரமாக நடந்து, குறித்த இடங்களில் அட்சரேகை, தீர்க்கரேகை, வடிகாலின் அகலம், ஆழம் ஆகியவற்றை அட்டவணையாகப் பதிவுசெய்துள்ளனர். அவ்வட்டவணையை ஜிடால் கருவியால் மீட்டர் அளவுடைய நிலப்படமாக மாற்ற வேண்டும். குழுவினரிடம் ஐந்து கணிப்பொறிகள் உள்ளன. ஒரே குறிப்புத் தாளைக் கொண்டு ஐவரும் கருவியை நிறுவ முயல்கின்றனர். நான்கு கணிப்பொறிகள் வெவ்வேறு பிழைகளைக் காட்டுகின்றன. ஐந்தாவது பிழை எதனையும் காட்டவில்லை. நிலை கற்பனையாயினும் அதில் வரும் பிழைகள் யாவும் மெய்யானவை.

3. முதற் கணிப்பொறி: எந்த நிரல் இயங்குகிறது?

விண்டோஸ் உள்ள முதற் கணிப்பொறியில் ஜிடால்இன்ஃபோ என இட்டதும், அப்பெயர் உள் கட்டளையாகவோ வெளிக் கட்டளையாகவோ அறியப்படவில்லை என்னும் செய்தி தோன்றுகிறது. லினக்ஸ் முறைமையில் இதே நிலையில், கட்டளை காணப்படவில்லை என்று வரும். கருவி நிறுவப்படவில்லை என்பது இதன் பொருளன்று. கணிப்பொறி தேடிய இடங்களில் அது அகப்படவில்லை என்பதே பொருள். ஒவ்வொரு கணிப்பொறியும் தேடுவழி என்னும் பட்டியலில் குறித்துள்ள இடங்களில் மட்டுமே கட்டளைகளைத் தேடும். முதலில் அகப்படுவதையே இயக்கும்.

ஆகவே முதல் வினா, எந்த நிரல் இயங்குகிறது என்பதாகும். விண்டோஸில் ‘வேர்’ என்னும் கட்டளையையும், லினக்ஸில் ‘விச் -ஏ’ என்பதையும் கருவியின் பெயரோடு சேர்த்து இட்டால், அப்பெயருடைய நிரல்கள் இருக்கும் இடங்கள் வரிசையாகத் தெரியும். விடை வெறுமையாயின் கருவி தேடுவழியில் இல்லை. இரண்டு மூன்று இடங்கள் தோன்றின், விரும்பியதை விடுத்து வேறொன்று இயங்கிக்கொண்டிருக்கலாம். விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் பைத்தான் என இட்டதும் மென்பொருள் அங்காடியின் பக்கம் திறப்பதும் இவ்வகைத்தே. பைத்தான் தேடுவழியில் இல்லாமையால், அப்பெயரில் முறைமை வைத்துள்ள பதிலி இயங்கியது என்பது அதன் பொருள். தேடுவழியை மாற்றிய பின்னர், ஏற்கெனவே திறந்துள்ள கட்டளைச் சாளரத்தை மூடிப் புதிதாகத் திறத்தல் வேண்டும். பழைய சாளரம் பழைய பட்டியலையே கொண்டிருக்கும். ஓஎஸ்ஜியோ4டபிள்யூ என்னும் தொகுப்பின் வழியாக ஜிடாலை நிறுவியவர், அத்தொகுப்போடு வரும் தனிக் கட்டளைச் சாளரத்தைத் திறந்தாலே போதும்.

கட்டளை கிடைத்த பின்னரும் இக்கணிப்பொறியில் மற்றொரு பிழை தோன்றுகிறது. ப்ராஜ்.டிபி என்னும் தரவுக் கோப்பின் அமைப்பெண் 2 என்றும், 3 அல்லது அதற்கு மேற்பட்டது தேவையென்றும், அக்கோப்பு வேறொரு ப்ராஜ் நிறுவலைச் சார்ந்தது என்றும் செய்தி கூறுகிறது. இதனைவிடத் தெளிவாக ஒரு செய்தி அமைதல் அரிது. முன்னர் நிறுவிய வேறொரு மென்பொருள், ப்ராஜ்_லிப் என்னும் சூழல் மாறியில் தன் கோப்புகளின் இடத்தைப் பொதுவாக எழுதிவிட்டது. புதிய கருவி அவ்விடத்துச் சென்று பழைய கோப்பை எடுத்துக்கொள்கிறது. ப்ராஜ் 9.1 முதல் இம்மாறிக்கு ப்ராஜ்_டேட்டா என்னும் பெயரும் உண்டு. பரிகாரம் யாதெனில், பணி செய்யும் சாளரத்தில் மட்டும் அம்மாறியை வெறுமையாக்கிச் சோதித்தலாகும். அதனை நிலையாக அழித்துவிட்டால் முந்தைய மென்பொருள் நின்றுபோகக்கூடும்.

4. இரண்டாம் கணிப்பொறி: பதிப்பெண் எது?

உபுண்டு 22.04 உள்ள இரண்டாம் கணிப்பொறியில், பைத்தானின் தொகுப்பு நிறுவியாகிய பிப் கொண்டு ஜிடாலை நிறுவ முயல்கையில், ஜிடால்-கான்ஃபிக் அகப்படவில்லை என்னும் பிழை தோன்றுகிறது. பிப் கொணர்வது நான்காம் அடுக்காகிய பைத்தான் இணைப்பின் மூல நிரலை மட்டுமே. அதனைத் தொகுத்து இயங்கு நிரலாக்குவதற்கு இரண்டாம் அடுக்கின் நூலகமும் அதன் தலைப்புக் கோப்புகளும் கணிப்பொறியில் இருத்தல் வேண்டும். உபுண்டு, டெபியன் முறைமைகளில் அவை லிப்ஜிடால்-டெவ் என்னும் தொகுப்பில் உள்ளன. கட்டளைகள் ஜிடால்-பின் என்னும் தொகுப்பிலும், முன்னரே தொகுக்கப்பட்ட பைத்தான் இணைப்பு பைத்தான்3-ஜிடால் என்னும் தொகுப்பிலும் உள்ளன.

லிப்ஜிடால்-டெவ் நிறுவியபின் அடுத்த பிழை வருகிறது. பைத்தான் இணைப்பிற்கு அதன் பதிப்புக்கு ஒத்த நூலகமேனும் தேவையென்றும், கணிப்பொறியில் இருப்பதோ 3.4.1 என்றும் செய்தி அறிவிக்கிறது. பதிப்பெண் கூறாதவிடத்துப் பிப் புத்தம்புதிய பதிப்பையே கொணரும். இயக்க முறைமையோ தான் வெளியான காலத்துப் பதிப்பிலேயே நிற்கும். உபுண்டு 22.04-இல் ஜிடால் 3.4.1, டெபியன் 12-இல் 3.6.2, உபுண்டு 24.04-இல் 3.8.4. இவ்விடைவெளியே பிழைக்குக் காரணம்.

இங்கு வினா, பதிப்பெண் எது என்பதாகும். ‘ஜிடால்-கான்ஃபிக் --வெர்ஷன்’ என இட்டால் நூலகத்தின் பதிப்பெண் தெரியும். அதே எண்ணைக் குறிப்பிட்டே பிப் வழியாக இணைப்பைக் கேட்டல் வேண்டும். இதனினும் எளிய வழி, இயக்க முறைமையே அளிக்கும் பைத்தான்3-ஜிடால் தொகுப்பை நிறுவுவதாகும்; அது நூலகத்தோடு ஒருங்கே தொகுக்கப்பட்டதாதலால் பொருத்தக் குறைவு எழாது. எல்லா அடுக்குகளும் ஒரே கையால் வர வேண்டுமாயின் கான்டா-ஃபோர்ஜ் என்னும் களஞ்சியமும் உதவும். பொதுவிதி இதுவே: அடுக்குகள் அனைத்தையும் ஒரே இடத்திலிருந்து பெறுக, இயலாதாயின் பதிப்பெண்களை ஒப்புநோக்கிப் பெறுக.

நிறுவல் இனிது முடிந்தும், படத்தின் எண்களை அணிகளாகப் படிக்கையில் ஜிடால்_அரே என்னும் கூறு இல்லையெனப் பிழை வருதல் உண்டு. எண் கணக்குத் தொகுப்பாகிய நம்பை, இணைப்பைத் தொகுக்கும் வேளையில் இல்லாதிருந்தமையே காரணம். நம்பையை முன்னர் நிறுவி, அதன்பின் இணைப்பை மீளத் தொகுத்தல் வேண்டும். 2024 ஜூனில் நம்பை 2.0 வெளிவந்தது. அதற்கு முந்தைய நம்பைக்கெனத் தொகுக்கப்பட்ட இணைப்புகள் அதனோடு இயங்கா. ஆதலால் நம்பையின் பதிப்பெண்ணையும் ஒப்புநோக்குதல் அவசியம்.

5. மூன்றாம் கணிப்பொறி: செய்யத்தகாத பரிகாரம்

உபுண்டு 24.04 உள்ள மூன்றாம் கணிப்பொறியில் பிப் தொடக்கத்திலேயே மறுக்கிறது. இப்பைத்தான் சூழல் வெளியாரால் நிருவகிக்கப்படுவது என்பது அதன் செய்தி. வெளியார் எனப்பட்டது இயக்க முறைமையின் சொந்தத் தொகுப்பு நிருவாகி. முறைமையின் பல பணிகள் அதே பைத்தானைக் கொண்டே நடைபெறுகின்றன. அதில் பிப் புகுந்து ஒரு தொகுப்பின் பதிப்பை மாற்றினால், தொடர்பற்றதெனத் தோன்றும் வேறொரு பணி நின்றுபோகலாம். இத்தீங்கைத் தடுக்கவே 2023 முதல் டெபியன் 12, உபுண்டு 23.04 ஆகியவற்றிலும் பின்வந்தவற்றிலும் இக்காப்பு வைக்கப்பட்டது.

செய்தியின் இறுதியில், காப்பை மீறுதற்கான ஒரு விருப்பமும் குறிக்கப்பட்டிருக்கும். அவ்விருப்பத்தின் பெயரே ‘முறைமையின் தொகுப்புகளை உடை’ என்னும் பொருளுடையது. அவசரத்தில் இருப்பவர் அதனையே இட்டுவிடுவர். அல்லது மேலாளர் உரிமையோடு பிப்பை இயக்குவர். இரண்டும் செய்யத்தகாதவை. பிழைச் செய்தி மறையும். பழுது இயக்க முறைமைக்குள் குடிபுகும். கள முகாமில் அக்கணிப்பொறியை மீட்டெடுப்பதற்கு ஒரு முழு நாள் வேண்டியிருக்கும்.

தக்க பரிகாரம், வீ-என்வ் என்னும் வசதியால் தனிச்சூழல் ஒன்றை அமைத்தலாகும். இது பைத்தான் 3.3 முதல், அதாவது 2012 முதல், மொழியோடு சேர்ந்தே கிடைக்கிறது. உபுண்டுவிலும் டெபியனிலும் பைத்தான்3-வீ-என்வ் என்னும் தொகுப்பை நிறுவிக்கொள்ளல் வேண்டும். பள்ளி ஆய்வுக்கூடத்தில் பொதுச் சாடியைத் தொடாமல் சிறு குடுவையில் எடுத்துச் சோதிப்பதை இது ஒக்கும். குடுவை கெட்டால் அதனை நீக்கிவிடலாம், சாடி கெடுவதில்லை. தனிச்சூழலை அமைக்கையில், முறைமையின் தொகுப்புகளையும் காணுமாறு ‘--சிஸ்டம்-சைட்-பேக்கேஜஸ்’ என்னும் விருப்பத்தைச் சேர்த்தால், முறைமை அளித்த பைத்தான்3-ஜிடால் அதனுள்ளும் இயங்கும். பிற தேவைகளைப் பிப் வழியாகத் தனிச்சூழலுக்குள் மட்டும் சேர்த்துக்கொள்ளலாம்.

6. நான்காம் கணிப்பொறி: எந்த யந்திரத்திற்கு?

நான்காவது, பள்ளியிலிருந்து இரவலாகப் பெற்ற 32 பிட் விண்டோஸ் 7 கணிப்பொறி. பைத்தானின் புதிய பதிப்பை இயக்க முயல்கையில், முறைமைக் கோப்பு ஒன்று காணப்படவில்லை என்னும் செய்தி வருகிறது. பைத்தான் 3.9 முதலாக விண்டோஸ் 7-க்கு இடமில்லை, 3.8 பதிப்பே அதில் இயங்கக்கூடிய கடைசிப் பதிப்பு. காணாமற்போன கோப்பை அறியாத இடங்களிலிருந்து தருவித்து இடுவோர் உண்டு. அது பரிகாரமாகாது, தீங்கான நிரல்கள் கணிப்பொறியில் நுழைவதற்கு அதுவே வாயிலாகும்.

யந்திரப் பொருத்தத்திற்கு இரு கூறுகள் உண்டு: செயலியின் வகை, இயக்க முறைமையின் பதிப்பு. முன்னரே தொகுக்கப்பட்டு வரும் பைத்தான் தொகுப்புக் கோப்பின் பெயரிலேயே இவை குறிக்கப்பட்டிருக்கும். தொகுப்பின் பெயர், அதன் பதிப்பு, ஏற்ற பைத்தான் பதிப்பு, இருமநிலை இடைமுகம், யந்திர வகை என்பன சிறு கோடுகளால் பிரிக்கப்பட்டு வரிசையாக நிற்கும். பொருந்தும் வழங்கல் ஏதும் அகப்படவில்லை எனப் பிப் கூறின், பெயரில் எழுத்துப்பிழை உள்ளதா என்பதை முதலிலும், பைத்தான் பதிப்பை இரண்டாவதாகவும், யந்திர வகையை மூன்றாவதாகவும் நோக்குதல் வேண்டும். ஆப்பிள் நிறுவனத்தின் கணிப்பொறிகளிலும் 2020 நவம்பர் முதல் செயலி வகை மாறியுள்ளமையால், பழைய வகைக்கெனத் தொகுத்த நூலகம் புதியதில் பொருந்தாத கட்டமைப்பு என மறுக்கப்படும்.

பழைய கணிப்பொறிகளுக்கே உரிய மற்றொரு பிழையும் உண்டு. வலைத்தளத்தின் சான்றிதழ் சரிபார்ப்பில் தவறியது என்னும் செய்தி அது. சான்றிதழ்களுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. தாய்ப்பலகையின் சிறு மின்கலம் தீர்ந்து, கணிப்பொறியின் நாள் பல ஆண்டுகள் பின்சென்றிருந்தால், செல்லத்தக்க சான்றிதழும் செல்லாததாகத் தோன்றும். சரிபார்ப்பை நிறுத்திவிடுவது தவறு. கணிப்பொறியின் நாளையும் நேரத்தையும் முதலில் நோக்குக. அவை சரியாயின், அலுவலக வலையமைப்பின் இடைநிலைக் கணிப்பொறி தனக்கெனச் சான்றிதழ் வழங்குகிறதா என வலையமைப்புப் பொறுப்பாளரிடம் கேட்டறிக.

விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-இல் முடிவுற்றது. ஆதலால் இத்தகைய கணிப்பொறியை வலையமைப்போடு இணைத்துப் பணிசெய்தல் தகாது. யந்திரம் இடங்கொடுக்குமாயின், அதற்கேற்ற லினக்ஸ் முறைமையொன்றை நிறுவலாம். சி-டாக் சென்னை மையம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இந்நாட்டில் கிடைப்பவற்றுள் ஒன்று. இடங்கொடாதாயின் அப்பணியை வேறொரு கணிப்பொறிக்கு மாற்றுவதே விவேகம். பொருந்தாது எனத் தெளிவாக அறிந்து விலகுதலும் ஒரு பரிகாரமே.

7. ஐந்தாம் கணிப்பொறி: பிழை காட்டாத பிழை

ஐந்தாம் கணிப்பொறியில் ஜிடால் இனிது நிறுவப்பட்டது. சில ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட பைத்தான் நிரலும் தடையின்றி இயங்கியது. பிழைச் செய்தி ஒன்றேனும் இல்லை. ஆயினும் படத்தைத் திறந்து நோக்கினால் ஈஜிபுராவின் வடிகால் ஈஜிபுராவில் இல்லை. ஆர்க்டிக் சமுத்திரத்தில் உள்ளது.

காரணம் இது. ஈஜிபுரா ஏறத்தாழ வடக்கு 12.94 பாகை, கிழக்கு 77.63 பாகையில் அமைந்தது. ஜிடாலின் இரண்டாம் பதிப்புவரை, ஆயத்தொலைவு மாற்றத்திற்குத் தீர்க்கரேகையை முதலிலும் அட்சரேகையை அடுத்தும் தருவது மரபு. 2019 மே மாதம் வெளிவந்த மூன்றாம் பதிப்பு, அளவுமுறையை வரையறுத்த அமைப்பு கூறும் வரிசையையே பின்பற்றத் தொடங்கியது. உலகெங்கும் வழங்கும் 4326 என்னும் குறியெண்ணுடைய முறையில் அட்சரேகையே முதலில் வரும். பழைய நிரல் 77.63, 12.94 எனத் தருகிறது. புதிய நூலகம் அதனை வடக்கு 77.63, கிழக்கு 12.94 எனக் கொள்கிறது. அவ்விடம் ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுக்கு மேற்கேயுள்ள கடற்பரப்பாகும்.

இப்பிழை இந்தியாவில் எளிதாக மறைந்துகொள்வதற்கும் காரணம் உண்டு. அட்சரேகை 90 பாகைக்கு மேற்படாது. குவாஹாட்டியின் தீர்க்கரேகை 91 பாகையைக் கடந்தது. அதனை அட்சரேகையாகத் தந்தால் அத்தகைய இடம் பூமியில் இல்லையாதலால் நூலகம் மறுத்துவிடும். பெங்களூர், சென்னை, மதுரை ஆகியவற்றின் தீர்க்கரேகைகளோ 90-க்கு உட்பட்டவை, அட்சரேகையாகவும் செல்லத்தக்கவை. ஆகவே கணிப்பொறி ஐயுறுவதற்கு இடமில்லை.

பரிகாரம் எளிது. நிரலில் அளவுமுறையை அமைத்த உடனே, ‘செட்-ஆக்ஸிஸ்-மேப்பிங்-ஸ்ட்ராட்டஜி’ என்னும் அழைப்பால் பழைய நிலப்பட மரபின் வரிசையைப் பின்பற்றுமாறு பணித்தல் வேண்டும். அல்லது எண்களைப் புதிய வரிசையிலேயே தருதல் வேண்டும். ஓஜிஆர்2ஓஜிஆர் கட்டளை வழக்கமான கோப்புகளை மாற்றுகையில் இவ்வரிசையைத் தானே கவனித்துக்கொள்ளும். தாமே எண்களை எடுத்து மாற்றும் நிரல்களிலேயே இத்தீங்கு பிறக்கிறது.

இங்குதான் இறுதி வினா எழுகிறது: விளைவு சரிதானா? அதனை அறிய ஒரே வழி, விடை முன்னரே தெரிந்த ஓரிடத்தைக் கருவியிடம் தந்து பார்ப்பதாகும். ஈஜிபுரா, யூடிஎம் முறையின் 43-ஆம் வடக்கு மண்டலத்தைச் சேர்ந்தது. அதன் குறியெண் 32643. அங்குள்ள ஓரிடத்தை மீட்டரில் மாற்றினால், கிழக்கு எண் சுமார் 7,85,000-ஆகவும் வடக்கு எண் சுமார் 14,32,000-ஆகவும் அமைதல் வேண்டும். விடை இவற்றுக்கு அண்மையில் இல்லையாயின், செய்தி ஏதும் தோன்றாதிருப்பினும் நிறுவல் முடிவுற்றதாகக் கொள்ளுதல் கூடாது.

8. கையாளத்தக்க ஒழுங்கு

மேற்கூறிய ஐந்து நிலைகளிலிருந்து நான்கு வினாக்கள் பெறப்படுகின்றன. எந்த நிரல் இயங்குகிறது? அது எந்த யந்திரத்திற்கும் இயக்க முறைமைக்கும் உரியது? ஒவ்வோர் அடுக்கின் பதிப்பெண் எது? தெரிந்த இடத்தைத் தந்தால் தெரிந்த விடை வருகிறதா? இவ்வரிசையிலேயே வினவுதல் நன்று; முந்தைய வினாவிற்கு விடை காணாது பிந்தையதற்குச் செல்லின் உழைப்பு வீணாகும்.

பிழைச் செய்தியை முழுமையாகப் படித்தல் வேண்டும். பைத்தான் காட்டும் செய்தியில் பிழையின் பெயர் கடைசி வரியில் இருக்கும். மூல நிரலைத் தொகுக்கையில் வரும் நெடிய செய்தியிலோ முதலில் தோன்றும் பிழையே மூலகாரணம். பின்வருபவை பெரும்பாலும் அதன் விளைவுகள். ஒரு வேளையில் ஒரு மாற்றத்தை மட்டும் செய்தல் வேண்டும். இரண்டு மாற்றங்களை ஒருங்கே செய்து கருவி இயங்கிவிட்டால், எது பரிகாரம் என்பது அடுத்த கணிப்பொறியில் தெரியாது.

ஒவ்வோர் அலுவலகமும் ஆய்வுக்கூடமும் நிறுவல் பதிவேடு ஒன்றை வைத்திருத்தல் நலம். நாள், கணிப்பொறி, இயக்க முறைமை, பைத்தான் பதிப்பு, ஜிடால் பதிப்பு, இட்ட கட்டளை, தோன்றிய செய்தி, செய்த மாற்றம், தெரிந்த இடத்தின் சோதனை விடை என ஒன்பது பத்திகள் போதும். ‘பிப் ஃப்ரீஸ்’ என்னும் கட்டளை தரும் பட்டியலையும் அதனோடு சேர்த்து வைத்தால், அதே நிலையை மற்றொரு கணிப்பொறியில் மீண்டும் அமைத்தல் எளிதாகும்.

9. ஆசிரியர் கவனத்திற்கு

வகுப்பில் பிழை தோன்றியதும் ஆசிரியர் தாமே அதனை விரைந்து நீக்கிவிடுவது இயல்பு. அவ்வாறு செய்யின் கருவி இயங்கும். மாணவர் கற்பது குறையும். செய்தியை ஒரு மாணவர் உரக்கப் படிக்கவும், எந்த அடுக்கும் எந்த அடுக்கும் பொருந்தவில்லை என மற்றவர் கூறவும் செய்தல் பயனுடையது. ஆங்கிலச் செய்தியைக் கண்டு அஞ்சும் மாணவருக்கு, அதன் பொருளைத் தமிழில் எழுதிப் பார்க்கும் பழக்கம் அச்சத்தைப் போக்கும்.

பயிற்சி வினாக்கள்

(அ) ஒரு கணிப்பொறியில் ஜிடால்இன்ஃபோ இயங்குகிறது. பைத்தானில் ஜிடாலை அழைத்தால் இல்லையென வருகிறது. நான்கு அடுக்குகளுள் எது குறைவு?

(ஆ) டெபியன் 12 உள்ள கணிப்பொறியில் பதிப்பெண் குறியாது பிப் வழியாக ஜிடாலை நிறுவினால் நேரக்கூடிய இரு பிழைகளைக் கூறுக.

(இ) தனிச்சூழலை அமைக்காது மேலாளர் உரிமையோடு பிப்பை இயக்குவது ஏன் தகாது?

(ஈ) 43-ஆம் மண்டலத்தின் எண்களைக் கொண்ட ஈஜிபுராப் படம், தவறுதலாக 44-ஆம் மண்டலத்திற்கு உரியதெனக் குறிக்கப்பட்டது. மண்டலமொன்று 6 பாகை அகலமுடையது. வடிகால் படத்தில் எக்கடலில் விழும்? இத்தவற்றைக் கணிப்பொறி அறிவிக்குமா?

கடைசி வினா தனியே கருதத்தக்கது. பொருத்தமின்மையை அறிவிக்கும் செய்தி ஊழியரைத் தடுத்து நிறுத்துகிறது. அதனால் இழக்கப்படுவது சில மணி நேரமே. அறிவிக்கப்படாத பொருத்தமின்மையோ பணியைத் தொடரவிடுகிறது. தவறான படம் கையொப்பம் பெற்று, தூர்வார வேண்டிய இடத்தை விட்டு வேறிடத்தைச் சுட்டக்கூடும். ஆகவே பிழைச் செய்தியைத் தொல்லையெனக் கருதாது, அளவு வேறுபாட்டை உரிய வேளையில் அறிவிக்கும் எச்சரிக்கையாகக் கொள்ளுதலும், செய்தியில்லாதவிடத்துத் தெரிந்த ஓரிடத்தால் தாமே சோதித்தலும் களப்பணியாளர், ஆசிரியர் இருசாராரும் கைக்கொள்ளத்தக்கனவாம்.